1992-93: கோல் மழை பெய்த ஐஸ் ஹாக்கி சீசன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில் மறக்க முடியாத சீசன் எது என்று ரசிகர்களிடம் கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் 1992-93 சீசன் முக்கால்வாசிப் பேர் பட்டியலில் இருக்கும். ஐஸ் ஹாக்கி பக்கமே போகாத நண்பர்களுக்கு இதை விளக்கும்போது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், இந்த சீசனில் அப்படி என்னதான் நடந்தது?

சுருக்கமாகச் சொன்னால்: புற்றுநோய் சிகிச்சை எடுத்துக்கொண்டே ஒருவர் லீகின் முதல் ஸ்கோரர் ஆனார். லீகுக்குப் புதிதாக வந்த பின்லாந்துக்காரர் 76 கோல் அடித்தார். மகா மோசமான இரண்டு அணிகள் கடைசி இடத்துக்குப் போட்டி போட்டன. ஒரு மட்டையின் வளைவை அளந்து பார்த்ததில் இறுதித் தொடரே தலைகீழானது. லீகின் சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பையைக் கனடா அணி ஒன்று வென்றதும் அந்த சீசனில்தான் கடைசி.

எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது இன்னொன்று. வரலாற்றிலேயே அதிகமாகக் கோல் விழுந்த காலகட்டங்களில் ஒன்று அது. ஆனால் கோப்பையை வென்றுகொடுத்ததோ ஒரு கோல்கீப்பர். கோல் அடிப்பவர்கள் அத்தனை பேரும் கொடிகட்டிப் பறந்த வருடத்தில் கடைசியில் ஜெயித்தது கோலைத் தடுத்தவர்.

ஆட்டமே தெரியாதவருக்கு அடிப்படை என்ன தெரிய வேண்டும்?

ஒரு பக்கம் ஆறு பேர்: கோல்கீப்பரும் ஐந்து ஆட்டக்காரர்களும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. பந்துக்குப் பதில் 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லை. யாராவது தவறு செய்தால் பொதுவாக இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதுவரை அந்த அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அதுதான் பவர்பிளே. கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்கு உதவினால் (அசிஸ்ட்) ஒரு புள்ளி. இரண்டையும் கூட்டித்தான் சீசனின் முதல் ஸ்கோரரைத் தேர்வு செய்வார்கள்.

வழக்கமான சீசன் முடிந்ததும் பிளேஆஃப். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். பிளேஆஃபில் ஆட்டம் சமனாக முடிந்தால் ஓவர்டைம்; முதல் கோல் விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஏன் அவ்வளவு கோல்?

அந்த சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏழு கோலுக்கு மேல் விழுந்தது. பத்துப் பதினோரு வருடம் கழித்து, 2003-04 சீசனில், அது ஐந்து சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. 1992-93இல் 14 பேர் 50 கோலைத் தொட்டார்கள். 21 பேர் 100 புள்ளியை எட்டினார்கள்.

காரணம் ஒன்றல்ல. ஓட்டாவா செனட்டர்ஸ், டாம்பா பே லைட்னிங் என்று இரண்டு புது அணிகள் சேர்ந்து லீகில் 24 அணிகள் ஆகிவிட்டன. முந்தைய வருடம்தான் சான் ஹோசே ஷார்க்ஸ் வந்திருந்தது. தரமான தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை அணிகளுக்கும் போதவில்லை. இன்னொரு பக்கம், சோவியத் யூனியன் உடைந்து ரஷ்யர்களும் மற்ற ஐரோப்பியர்களும் தாராளமாக வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோல் அடிப்பதில் கெட்டிக்காரர்கள். கோல்கீப்பர்களின் உபகரணமும் இன்றைக்கு இருப்பதைவிடச் சின்னது. கிரிக்கெட் பாஷையில் சொன்னால், வருடம் முழுக்க ஃபிளாட் பிட்ச்.

அப்புறம், ஆட்டங்களின் எண்ணிக்கை 80இலிருந்து 84 ஆனது. சாதனைப் பட்டியல்களைப் பார்க்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரியோ லெமியூவின் கதை என்ன?

பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணியின் கேப்டன். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கோப்பையை ஜெயித்த அணி அது. 1993 ஜனவரி தொடக்கத்தில் லெமியூ 40 ஆட்டத்தில் 104 புள்ளி எடுத்திருந்தார். அதே வேகத்தில் 84 ஆட்டமும் ஆடியிருந்தால் 218 வந்திருக்கும். வெய்ன் கிரெட்ஸ்கி 1985-86இல் எடுத்த 215தான் இன்றுவரை சாதனை.

ஜனவரி 12ஆம் தேதி அறிவிப்பு வந்தது: லெமியூவுக்கு ஹாட்ஜ்கின் நோய், நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். கழுத்தில் இருந்த கட்டியைச் சோதித்ததில் தெரியவந்தது. ஆரம்ப கட்டம் என்பதால் கதிர்வீச்சு சிகிச்சை. அவருக்கு அப்போது வயது 27. சீசன் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மார்ச் 2ஆம் தேதி காலை அவருக்குக் கடைசி கதிர்வீச்சு. அன்றைக்கே விமானம் பிடித்து பிலடெல்பியா போய், மாலையில் ஆடினார். ஒரு கோல், ஓர் அசிஸ்ட். பென்குவின்ஸ் 5-4 என்று தோற்றது. யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. பிலடெல்பியா ரசிகர்கள் எதிரணியை, அதுவும் பக்கத்து ஊர் பிட்ஸ்பர்க்கை, வறுத்தெடுப்பதற்குப் பேர் போனவர்கள். அந்த அரங்கம் அன்று எழுந்து நின்று கைதட்டியது.

அவர் திரும்பி வந்தபோது பஃபலோ சேபர்ஸின் பாட் லஃபொன்டைன் 12 புள்ளி முன்னால் இருந்தார். லஃபொன்டைனும் சும்மா இருக்கவில்லை. 148 புள்ளியோடு முடித்தார், வேறெந்த வருடமாக இருந்தாலும் கொண்டாடப்பட வேண்டிய எண். ஆனால் லெமியூ மீதி 20 ஆட்டத்தில் 30 கோலும் 26 அசிஸ்டும் சேர்த்து 160இல் முடித்தார். மொத்தம் ஆடியதே 60 ஆட்டம்தான். நோயிலிருந்து எழுந்து வந்தவர் பழைய நிலைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டர்கள் கணக்குப் போடுவார்கள். இவர் வந்த பிறகு ஆடிய வேகம், நோய்க்கு முன்னால் ஆடியதைவிட அதிகம்!

அந்த வேகத்தில் பென்குவின்ஸ் தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்தது. என்.எச்.எல். வரலாற்றில் அதற்கு முன் யாரும் அவ்வளவு நீளமாக ஜெயித்ததில்லை.

டீமு செலானே யார்? அந்தக் கையுறை விஷயம் என்ன?

வின்னிபெக் ஜெட்ஸ் அணிக்குப் புதிதாக வந்த 22 வயது பின்லாந்துக்காரர். அறிமுக சீசனில் அதிக கோல் என்ற சாதனை அதுவரை மைக் பாஸியிடம் இருந்தது: 53. செலானே 76 அடித்தார். இருபதுக்கும் மேல் வித்தியாசம்! அறிமுக வீரர்களில் யாரும் அதன் பக்கத்தில்கூட இன்றுவரை வரவில்லை. மொத்தப் புள்ளி 132, அதுவும் அறிமுக வீரர்களுக்கான சாதனை.

பாஸியின் சாதனையை முறியடித்த நாளும் மார்ச் 2தான். லெமியூ பிலடெல்பியாவில் ஆடிய அதே இரவு. கியூபெக் நார்டிக்ஸுக்கு எதிராக ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். 54ஆவது கோல் விழுந்ததும் ஒரு கையுறையைக் கழற்றி மேலே வீசினார். மட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு, பறக்கும் கையுறையைச் சுடுவதுபோல் பாவனை. அந்தக் காட்சி இப்போதும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பஃபலோவின் அலெக்சாண்டர் மோகில்னியும் அதே 76 கோல் அடித்தார் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. 1989இல் சோவியத் அணியை விட்டுத் தப்பி அமெரிக்கா வந்தவர். செலானேவைவிடக் குறைவான ஆட்டங்களில், 77இல், அதை எட்டினார். இரண்டு பேரில் யார் ஆட்டம் அழகு என்று கேட்டால் நான் மோகில்னி பக்கம்.

ஓட்டாவா அணியைக் கேலி செய்கிறார்களே, ஏன்?

84 ஆட்டத்தில் பத்து வெற்றி, 70 தோல்வி, நாலு சமன். வெளியூரில் 41 ஆட்டம் தோற்று ஒன்றே ஒன்று ஜெயித்தார்கள். தொடர்ந்து 38 வெளியூர் தோல்விக்குப் பிறகு, ஏப்ரல் 10ஆம் தேதி நியூயார்க் ஐலண்டர்ஸை 5-3 என்று வென்றபோது கோப்பையையே தூக்கிய மாதிரி குதித்தார்கள். சான் ஹோசே இன்னும் ஒரு படி கீழே: 71 தோல்வி. ஆனால் அவர்களுக்குப் பதினோரு வெற்றி இருந்தது. லீக் பட்டியலில் இரண்டு அணிக்கும் 24 புள்ளி. வெற்றி குறைவு என்பதால் ஓட்டாவாதான் கடைசி.

கடைசி இடத்தில் ஒரு லாபமும் இருந்தது. இளம் வீரர்களைப் பங்கு பிரிக்கும் டிராஃப்டில் முதல் தேர்வு கடைசி அணிக்கு. அந்த வருடம் எல்லோரும் வாய் பிளந்து பார்த்த பையன் அலெக்சாண்டர் டேக். அவருக்காக ஓட்டாவா வேண்டுமென்றே தோற்றதா என்ற சந்தேகம் கிளம்பியது. அணி உரிமையாளர் வாய்விட்ட சில பேச்சுகளால் லீக் விசாரித்து அபராதமும் போட்டது. கொஞ்ச காலத்தில் டிராஃப்டுக்குக் குலுக்கல் முறை வந்துவிட்டது. டேக்? எதிர்பார்த்த அளவுக்கு வரவே இல்லை.

ஒரு வேடிக்கை: இதே ஓட்டாவா, அக்டோபர் 8ஆம் தேதி தன் முதல் ஆட்டத்தில் 5-3 என்று தோற்கடித்த அணி எது தெரியுமா? மான்ட்ரியால் கனேடியன்ஸ். அந்த வருட சாம்பியன்.

ஒரு பெண் ஆடினார் என்பது உண்மையா?

உண்மை. மனோன் ரியோம், 20 வயது கோல்கீப்பர். 1992 செப்டம்பர் 23ஆம் தேதி டாம்பா பே அணிக்காக, செயின்ட் லூயிஸ் ப்ளூஸுக்கு எதிராக ஒரு பகுதி முழுக்க நின்றார். ஒன்பது ஷாட், இரண்டு கோல். சீசனுக்கு முந்தைய கண்காட்சி ஆட்டம்தான், கணக்கில் சேராது. புது அணிக்கு விளம்பரம் தேவைப்பட்டது என்பதும் மறைக்க முடியாத விஷயம். ஆனால் ஏழு ஷாட்டைத் தடுத்தது விளம்பரம் இல்லை.

பென்குவின்ஸ்தானே ஜெயித்திருக்க வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 119 புள்ளியோடு லீகில் முதலிடம், லெமியூ, பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். இரண்டாவது சுற்றில் எதிரே வந்தது நியூயார்க் ஐலண்டர்ஸ். அவர்களுடைய முதன்மை வீரர் பியர் டர்ஜன், முந்தைய சுற்றில் கோல் அடித்துவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது வாஷிங்டனின் டேல் ஹன்டர் பின்னாலிருந்து வந்து மோதியதில் தோள்பட்டை காயம். (பிப்ரவரியில்தான் காரி பெட்மன் லீகின் முதல் கமிஷனராகப் பொறுப்பேற்றிருந்தார். ஹன்டருக்கு 21 ஆட்டம் தடை போட்டார்.)

டர்ஜன் தொடரின் பெரும்பகுதியில் இல்லை. இருந்தும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். அதில் பென்குவின்ஸின் கெவின் ஸ்டீவன்ஸ் மோதலில் நினைவிழந்து, முகம் பனியில் மோதி விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனார். 3-1 என்று பின்தங்கியிருந்த பென்குவின்ஸ் கடைசி நேரத்தில் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தது. ஓவர்டைமில், அந்த வருடம் சரியாக வாய்ப்பே கிடைக்காத டேவிட் வோலெக் ஒரு ஷாட் அடித்தார். அதோடு முடிந்தது. பிட்ஸ்பர்க்கில் இந்தப் பெயரை இன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது.

டொரண்டோ ரசிகர்கள் ஏன் இன்னமும் புலம்புகிறார்கள்?

டொரண்டோவில் உங்களுக்கு உறவினர்கள் இருந்தால், 'கெர்ரி ஃப்ரேசர்' என்ற பெயரை அங்கே நெடுநாள் ஹாக்கி ரசிகர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

1967க்குப் பிறகு டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த வருடம் டக் கில்மோர் 127 புள்ளி எடுத்து அணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்கு எதிரான அரையிறுதியில் 3-2 முன்னிலை. இன்னும் ஒன்று ஜெயித்தால் இறுதியில் மான்ட்ரியால், அதாவது கனடாவே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும் ஆட்டம்.

ஆறாவது ஆட்டம், ஓவர்டைம். கிங்ஸ் அணியில் ஆடிய கிரெட்ஸ்கியின் மட்டை உயர்ந்து கில்மோரின் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. விதிப்படி கிரெட்ஸ்கி வெளியே போக வேண்டும். நடுவர் ஃப்ரேசர் பார்க்கவில்லை, தண்டனை இல்லை. சிறிது நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் யார்? அதே கிரெட்ஸ்கி.

ஆனாலும் ஏழாவது ஆட்டம் டொரண்டோவிலேயே நடந்தது, ஜெயித்திருக்கலாம். மே 29ஆம் தேதி கிரெட்ஸ்கி மூன்று கோல் அடித்தார். மூன்றாவது, கோலுக்குப் பின்னால் நின்று தள்ளிவிட்ட பக். டொரண்டோவின் சொந்த வீரர் டேவ் எல்லட்டின் ஸ்கேட்டில் பட்டு உள்ளே போனது. 5-4. முதுகுக் காயத்தால் சீசனின் முதல் பாதி கிட்டத்தட்ட முழுக்க ஆடாமல் இருந்தவர் கிரெட்ஸ்கி. தன் வாழ்க்கையின் சிறந்த ஆட்டம் இதுதான் என்று பிறகு சொன்னார். ஆகவே நடுவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்பது என் கட்சி. டொரண்டோவில் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

மட்டையை அளந்த கதை என்ன?

இறுதித் தொடர், மான்ட்ரியால். முதல் ஆட்டத்தை கிங்ஸ் 4-1 என்று ஜெயித்திருந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் 2-1 முன்னிலை. இன்னும் 1 நிமிடம் 45 நொடி. மான்ட்ரியால் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ் நடுவரைக் கூப்பிட்டு, கிங்ஸ் வீரர் மார்ட்டி மெக்ஸோர்லியின் மட்டையை அளக்கச் சொன்னார். நடுவர்? ஆமாம், அதே கெர்ரி ஃப்ரேசர்.

மட்டையின் அடிப்பகுதி எவ்வளவு வளையலாம் என்பதற்கு விதி உண்டு. அன்றைக்கு வரம்பு அரை அங்குலம். வளைவு கூடினால் பக்கைத் தூக்கி வேகமாக அடிக்கலாம். பல வீரர்கள் வரம்பு மீறித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அளக்கச் சொல்லி, மட்டை சரியாக இருந்துவிட்டால், கேட்ட அணிக்கே தண்டனை. அதனால் யாரும் லேசில் கேட்க மாட்டார்கள். ஃப்ரேசர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு பார்வையிலேயே தெரிந்தது. மெக்ஸோர்லிக்கு இரண்டு நிமிடம்.

டெமர்ஸ் அதோடு நிற்கவில்லை. கோல்கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரரை இறக்கினார். இப்போது ஆறு பேருக்கு எதிராக நாலு பேர், பின்னால் காலிக் கோல். தடுப்பாட்டக்காரர் எரிக் டெஜார்டன் அடித்தார், 2-2. ஓவர்டைம் தொடங்கி 51ஆவது நொடியில் மறுபடியும் அவரே. அன்று மான்ட்ரியாலின் மூன்று கோலும் டெஜார்டனுடையது. இறுதித் தொடரில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஹாட்ரிக் அடித்தது அதுவே முதல் முறை.

கிங்ஸ் அணியின் மட்டைகளை மான்ட்ரியால் ஆட்கள் முன்கூட்டியே ரகசியமாக அளந்துவிட்டார்கள் என்ற வதந்தி இன்றுவரை ஓயவில்லை. மான்ட்ரியால் தரப்பு மறுத்துவிட்டது. எப்படி இருந்தாலும், வளைந்த மட்டையை வளைந்த மட்டை என்று சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

பாட்ரிக் ருவா அப்படி என்ன செய்தார்?

மான்ட்ரியாலின் கோல்கீப்பர். அந்த வருடம் வழக்கமான சீசனில் அவர் ஆட்டம் சுமார்தான், உள்ளூரிலேயே விமர்சனம். முதல் சுற்றில் பரம வைரியான கியூபெக் நார்டிக்ஸுடன் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. முதலாவது ஓவர்டைமில் போனது.

அதற்குப் பிறகு மான்ட்ரியால் ஓர் ஓவர்டைமிலும் தோற்கவில்லை. தொடர்ந்து பத்து. கியூபெக்கோடு இரண்டு, பஃபலோவோடு மூன்று, ஐலண்டர்ஸோடு இரண்டு, கிங்ஸோடு மூன்று. கோப்பைக்குத் தேவையான 16 வெற்றியில் பத்து இப்படி வந்தது. ஒரு கோல் விட்டால் ஆட்டமே போய்விடும் என்ற நிலையில், பத்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாமல் இருப்பது என்றால் யோசித்துப் பாருங்கள். மறுமுனையில் கோல் அடித்தவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டிருந்தார்கள். மாறாமல் நின்றவர் ருவா.

இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் கிங்ஸின் தோமாஸ் சாண்ட்ஸ்ட்ரோம் கோலுக்குப் பக்கத்திலேயே நின்று தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைத் தடுத்த பிறகு ருவா முகமூடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக் கண்ணடித்தார். தொலைக்காட்சி கேமரா அதைப் பிடித்துவிட்டது. மூன்றாவது, நான்காவது ஆட்டங்களின் ஓவர்டைம் கோல் இரண்டும் ஜான் லெக்ளேர். ஜூன் 9ஆம் தேதி, மான்ட்ரியால் ஃபோரம் அரங்கில் 4-1. மான்ட்ரியாலுக்கு 24ஆவது கோப்பை. தொடர் நாயகன் ருவா.

முழங்கால் மடித்துக் கால்களை விரித்துக் கோலின் அடிப்பகுதியை மூடும் 'பட்டர்ஃபிளை' பாணியைப் பிரபலமாக்கியதும் அவர்தான். அடுத்து வந்த தலைமுறை முழுக்க அதைப் பின்பற்றியது. கோல் எண்ணிக்கை குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு கனடா அணி எதுவும் ஜெயிக்கவில்லையா?

இல்லை. இறுதிக்கு வந்து தோற்றவை: வான்கூவர் 1994, 2011, கால்கரி 2004, எட்மன்டன் 2006, 2024, 2025, ஓட்டாவா 2007, மான்ட்ரியால் 2021. ஐஸ் ஹாக்கி கனடாவுக்கு உயிர் என்பார்கள். கோப்பை மட்டும் எல்லையைத் தாண்டி வர மறுக்கிறது.

அந்த வீரர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

ருவா 1995 டிசம்பரில், டெட்ராய்ட் அணியிடம் 11-1 என்று தோற்ற ஆட்டத்தில் ஒன்பது கோல் விடும்வரை வெளியே எடுக்கப்படாமல் நின்றார். வெளியே வந்ததும் நேராக அணி நிர்வாகத்தின் தலைவரிடம் போய், மான்ட்ரியாலுக்கு இதுதான் என் கடைசி ஆட்டம் என்றார். கொலராடோவுக்கு மாற்றப்பட்டு, அதே சீசனில் அங்கே கோப்பை ஜெயித்தார். அந்தக் கொலராடோ யார் தெரியுமா? ஊர் மாறிய கியூபெக் நார்டிக்ஸ்தான். லெமியூ ஓய்வு பெற்று, 1999இல் திவாலான பென்குவின்ஸ் அணியை வாங்கி, உரிமையாளராக இருந்துகொண்டே 2000 டிசம்பரில் மறுபடி ஆட இறங்கினார். செலானே 2007இல் அனாஹைம் அணியோடு கோப்பையைத் தூக்கினார். கிரெட்ஸ்கிக்கு 1993க்குப் பிறகு இறுதித் தொடரே வாய்க்கவில்லை.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பெரும்பாலோர் மட்டை அளந்த ஆட்டத்தைச் சொல்வார்கள். அதன் கடைசி இரண்டு நிமிடமும் ஓவர்டைமின் 51 நொடியும் போதும். முழு ஆட்டம் என்றால் மே 29, டொரண்டோ. அந்த சீசனின் வேகம், கோல், கத்தல் எல்லாம் அதில் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று நான் மேலே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, தெரிந்துகொண்டு பார்த்தாலும் கடைசி ஐந்து நிமிடம் உட்கார விடாது.